ஊர் நூலகத்து ஏடுகளையும் பழைய நூல்களையும் மின்னுருவாக்க நிதி தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாசகசாலை, தமிழ்ச் சங்கம், மடம், பழைய பள்ளிக்கூடம், வைத்தியர் குடும்பம் என்று பல இடங்களில் ஓலைச்சுவடியும் பழைய அச்சு நூலும் புகைப்படமும் கணக்குப் புத்தகமும் கிடக்கின்றன. இவற்றை ஸ்கேன் செய்து காப்பாற்ற நிதி எங்கே கிடைக்கும், எப்படிக் கேட்பது என்று விசாரிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு அமைப்புகளை மனதில் வைத்துத்தான் பெரும்பகுதியும் இருக்கும். இலங்கைக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

எங்களுடையது சின்ன வாசகசாலை. இதற்கெல்லாம் யாராவது பணம் தருவார்களா?

தருவார்கள். நிதி தருபவர்கள் உங்கள் அமைப்பின் அளவைப் பார்ப்பதில்லை. சேகரிப்பு எவ்வளவு அரிது, எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது, அதைக் கையாள உங்களால் முடியுமா என்ற மூன்றையும்தான் பார்க்கிறார்கள்.

காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒரு தனி மனிதராகப் புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று சுமார் ஒரு லட்சம் உருப்படிகளைச் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஆனால் கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை. 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்கிற யாரும் அந்த வாசலை மிதிக்காமல் போக முடியாது. ஒரு வீட்டில் இருந்த சேகரிப்புதான் அது. அதனால் ‘சின்ன இடம்’ என்று தயங்க வேண்டாம்.

சரி, முதலில் எந்தக் கதவைத் தட்டுவது?

கையில் இருப்பது என்ன, அதற்கு வயது எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

பழைய ஆவணங்கள் என்றால் பிரிட்டிஷ் நூலகத்தின் ‘அருகிவரும் ஆவணங்கள் திட்டம்’தான் உலக அளவில் பெயர்பெற்றது. ஆர்க்கேடியா அறக்கட்டளையின் பணத்தில் 2004 முதல் நடக்கிறது. ஓலைச்சுவடி, கையெழுத்துத் தாள், பழைய அச்சு நூல், செய்தித்தாள், புகைப்படம், ஒலிப்பதிவு எல்லாவற்றையும் ஏற்பார்கள். பொதுவாக இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தையதாக இருக்க வேண்டும். முன்னோட்டத் திட்டத்துக்கு 15,000 பவுண்டு வரை, ஓராண்டுக் காலம். பெரிய திட்டத்துக்கு 1,50,000 பவுண்டு வரை, இரண்டாண்டுக் காலம் என்று வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்த வரம்புகள் சுற்றுக்குச் சுற்று மாறலாம் என்பதால் அந்த ஆண்டு அறிவிப்பைப் படித்துவிட்டே கணக்குப் போடுங்கள்.

தமிழுக்கு இதில் நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. ரோஜா முத்தையா நூலகம் பழைய அச்சு நூல்களுக்கு இந்த நல்கையைப் பெற்றிருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், குடும்பங்களிடம் கிடந்த நில ஆவணங்களையும் ஊர் நிர்வாக ஓலைகளையும் தேடிப் போய் மின்னுருவாக்கியது. தமிழ்நாட்டு ஸ்டூடியோப் புகைப்படங்களையும் அப்படியே. அந்தத் திட்டங்களின் சுருக்கங்கள் பொதுவெளியில் இருக்கின்றன. விண்ணப்பம் எழுதுமுன் அவற்றை வரிவரியாகப் படியுங்கள். எந்தச் சொல்லில் நம் பொருளின் அருமையை விளக்கியிருக்கிறார்கள் என்று பார்ப்பதே பாதிப் பயிற்சி.

எதைக் கேட்டாலும் முதலில் முன்னோட்டத் திட்டத்தையே கேளுங்கள் என்பது என் உறுதியான கருத்து. என்னென்ன இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டறியவே அந்தப் பணம். அதைச் சுத்தமாக முடித்துக் காட்டினால் பெரிய திட்டத்துக்கு அதைவிட நல்ல சிபாரிசு கிடையாது.

எங்களிடம் இருப்பவை 1960, 70களின் சிற்றிதழ்கள், போராட்ட நோட்டீஸ்கள், ஒலிநாடாக்கள். இவை பழமை ஆகாதே?

அதற்கென்றே கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக நூலகம் 2018இல் ஒரு திட்டம் தொடங்கியது. இருபது, இருபத்தொன்றாம் நூற்றாண்டுப் பொருட்களுக்கானது. இதற்கும் ஆர்க்கேடியாதான் நிதி தருகிறது. திட்டமிடல் நல்கை 15,000 டாலர் வரை, செயல்திட்ட நல்கை 50,000 டாலர் வரை தந்திருக்கிறார்கள். தொழிற்சங்கப் பதிவுகள், கையால் உருட்டச்சு செய்த இதழ்கள், கூத்துக் கலைஞர்களின் கேசட்டுகள் போன்றவை இங்கே பொருந்தும். கேசட்டுகள் விஷயத்தில் தாமதம் கூடாது. காந்த நாடா தானாகவே சிதையும். அதை ஓட்டும் கருவிகளும், பழுது பார்க்கத் தெரிந்த ஆட்களும் ஆண்டுக்காண்டு குறைகிறார்கள்.

இந்திய அரசு உதவாதா?

சுவடிகளுக்கு உதவும். 2003இல் தேசியச் சுவடிகள் இயக்கம் தொடங்கியது. 2025-26 மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் அதன் அடுத்த கட்டமாக ‘ஞான பாரதம்’ இயக்கம் அறிவிக்கப்பட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்துப் பாதுகாப்பது நோக்கம். கல்வி நிறுவனங்கள், அருங்காட்சியகங்கள், நூலகங்களோடு தனியார் சேகரிப்பாளர்களையும் சேர்த்தே அறிவித்தார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இயக்கத்தின் வரையறையில் ‘சுவடி’ என்றால் கையால் எழுதப்பட்டு 75 ஆண்டுக்கு மேலானது. ஓலை, தாள், துணி, செப்பேடு எதில் இருந்தாலும் சரி. அச்சு நூலும் கல்லச்சும் அதில் சேராது. 1890இல் அச்சான குஜிலிப் பாட்டுப் புத்தகத்தை (தெருவில் மலிவாக விற்ற பாட்டு நூல்) எடுத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அச்சு நூல்களுக்கு வேறு வழி பாருங்கள்.

இந்திய தேசிய ஆவணக் காப்பகம், பதிவுபெற்ற தன்னார்வ அமைப்புகளுக்குச் சுவடிகளையும் அரிய நூல்களையும் பாதுகாக்க நிதியுதவி செய்யும் திட்டம் வைத்திருக்கிறது. ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை ஸ்கேன் வேலையைவிட அலமாரி, கட்டடம் போன்ற அடிப்படைகளுக்கே அதிகம் உதவும். ஒழுகும் கூரையின் கீழ் ஸ்கேன் செய்து பயனில்லை என்பதால் அதையும் ஒதுக்க வேண்டாம்.

மாநிலத்தில், தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017 முதல் தமிழ் மின்நூலகத்தை நடத்துகிறது. பணம் வேண்டும் என்று போவதைவிட, “எங்களிடம் இந்த நூல்கள் இருக்கின்றன, உங்கள் மின்நூலகத்தில் இல்லாதவை இவை” என்று பட்டியலோடு போங்கள். அவர்களே மின்னுருவாக்கிக் கொடுத்தால் உங்களுக்குப் பணமே தேவைப்படாது.

வெளிநாட்டு நல்கை கிடைத்தால் நேராக எங்கள் வங்கிக் கணக்கில் வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது. பலருடைய ஆசை தடுக்கி விழும் இடம் இது, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தியாவில் எந்த அமைப்பும் வெளிநாட்டு நன்கொடை பெற 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி (எஃப்.சி.ஆர்.ஏ) உள்துறை அமைச்சகத்தில் பதிவு வேண்டும். அதற்கு அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டில் முக்கியப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாயாவது செலவிட்டிருக்க வேண்டும். ஊர் வாசகசாலைக்கு இது எட்டாத உயரம். அதற்கு மாற்றாக ‘முன் அனுமதி’ என்றொரு வழி இருக்கிறது. குறிப்பிட்ட நன்கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வேலை என்று அந்த ஒரு திட்டத்துக்கு மட்டும் அனுமதி கேட்கலாம். நேரம் பிடிக்கும். எந்த வழியில் வந்தாலும் பணம் முதலில் இறங்க வேண்டியது பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான்.

“பெரிய அமைப்பு ஒன்றின் பெயரில் வாங்கி, அவர்கள் எங்களுக்கு மாற்றிவிடட்டுமே” என்று கேட்பார்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அது முடியாது. வெளிநாட்டு நன்கொடையை ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தரச் சட்டம் தடை விதித்துவிட்டது.

ஆனால் வழி அடைபட்டுவிடவில்லை. பதிவுள்ள ஆராய்ச்சி நூலகமோ நிறுவனமோ விண்ணப்பதாரராக இருக்கட்டும். பணமும் கணக்கும் அவர்களிடமே இருக்கும்; கேமரா வாங்குவதும் ஆட்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் அவர்கள். நீங்கள் சேகரிப்பையும் இடத்தையும் தருகிறீர்கள், உள்ளூர் அறிவைத் தருகிறீர்கள், முழு மின்பிரதித் தொகுப்பைப் பெற்றுக்கொள்கிறீர்கள். இரு தரப்பும் கையெழுத்திட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் மின்பிரதி யாருக்கு, எப்போது, எந்த வடிவில் என்று தெளிவாக எழுதுங்கள். வாய்வார்த்தையாக விடாதீர்கள்.

சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பத் தயார். அதுவும் வெளிநாட்டு நன்கொடையா?

அனுப்புபவர் கையில் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால், அவர் பிறந்தது உங்கள் தெருவிலேயே என்றாலும் ஆகும். வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருந்தாலும் அதேதான். ஆகவே ரசீது போடுமுன் கடவுச்சீட்டின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்; அமைப்பைக் காப்பது அந்த ஒரு தாள்.

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் சி.எஸ்.ஆர் நிதி?

கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பாரம்பரியம், கலை, பண்பாட்டுப் பாதுகாப்பும் பொது நூலகம் அமைப்பதும் இருக்கின்றன. கேட்க உரிமை உண்டு. உங்களுக்கு வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவும், மூன்றாண்டு அனுபவமும், சி.எஸ்.ஆர்-1 படிவப் பதிவு எண்ணும் வேண்டும். தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பதைவிட உங்கள் மாவட்டத்தில் ஆலை வைத்திருக்கும் கம்பெனியை அணுகுவது பலன் தரும். சட்டமும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது.

விண்ணப்பத்தில் என்ன எழுதினால் எடுபடும்?

பட்டியல். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

“எங்களிடம் ஆயிரக்கணக்கான அரிய சுவடிகள் உள்ளன” என்ற வரியை மதிப்பீட்டாளர்கள் நாள்தோறும் படிக்கிறார்கள். அதை யாரும் நம்புவதில்லை. இப்படி ஒரு வரி எழுதிப் பாருங்கள்:

‘அலமாரி 2, தட்டு 3, கட்டு 14. ஓலை. 112 ஏடு, நீளம் 38 செ.மீ. தலைப்பு இல்லை. முதல் ஏட்டில் “ஹரி ஓம் நன்றாக குரு வாழ்க குருவே துணை” என்று தொடக்கம். உள்ளடக்கம் மாட்டு வைத்தியம் போலத் தெரிகிறது. கடைசி ஏடுகள் இல்லை. இடது ஓரம் பூச்சி அரித்தது. கயிறு இற்றுவிட்டது, வரிசை கலைந்திருக்கலாம்.’

இப்படி ஐம்பது வரி இருந்தால் போதும், உங்கள் கையில் என்ன இருக்கிறது, நீங்கள் எவ்வளவு கவனமானவர் என்ற இரண்டும் படிப்பவருக்குப் புரிந்துவிடும். ஒரு பள்ளி நோட்டும் அளவுகோலும் கைபேசிக் கேமராவும் போதும். ‘போலத் தெரிகிறது’ என்று எழுதத் தயங்காதீர்கள். உறுதியில்லாததை உறுதியாக எழுதுவதுதான் மதிப்பைக் குறைக்கும்.

அடுத்தது ஆபத்து. ‘அழியும் நிலையில் உள்ளது’ என்று பொதுவாக எழுதாமல், இராமபாணப் பூச்சியா, கரையானா, மழைக்காலச் சுவர் ஈரமா, வீடு விற்கப்போகிறார்களா, படிக்கத் தெரிந்த கடைசிப் பெரியவருக்கு வயதாகிவிட்டதா என்று காரணத்தைச் சொல்லுங்கள். அதற்கு ஒரு படமும் வையுங்கள்.

மூன்றாவது, இதே நூல் வேறு எங்காவது இருக்கிறதா என்று தேடிய விவரம். சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகம், தஞ்சை சரசுவதி மகால் நூலகம், ரோஜா முத்தையா நூலகம், தமிழ் மின்நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களுக்கான ‘நூலகம்’ வலைத்தளம் ஆகியவற்றில் தேடினோம், இத்தனை கிடைக்கவில்லை என்று எழுதினால் விண்ணப்பத்துக்கு எடை கூடும். ஏற்கெனவே மின்னுருவான நூலை மறுபடி ஸ்கேன் செய்ய யாரும் பணம் தர மாட்டார்கள், தரவும் கூடாது.

செலவுக் கணக்கு எப்படிப் போடுவது?

ஊகமாகப் போடாதீர்கள். கடன் வாங்கிய கேமராவையும் நிலைத்தாங்கியையும் வைத்து இரண்டு பக்கமும் விளக்குப் போட்டு, உங்கள் சேகரிப்பிலிருந்து நல்ல நூல் ஒன்று, நொறுங்கும் நூல் ஒன்று, ஓலைக்கட்டு ஒன்று எடுத்து ஒரு மணி நேரம் படம்பிடியுங்கள். எத்தனை பக்கம் வந்ததோ அதை வைத்தே மொத்த வேலைநாளைக் கணக்கிடுங்கள். ஏட்டைத் துடைத்துப் பிரித்து, வரிசை பார்த்து, அளவுகோலும் வண்ண அட்டையும் வைத்து, இருபுறமும் எடுப்பதற்குள் அச்சுப் புத்தகத்தில் பல பக்கம் ஓடியிருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் போட்ட கணக்கு பாதி வழியில் நின்றுவிடும்.

சேமிப்பையும் கணக்கிடுங்கள். ஏ4 அளவுப் பக்கத்தை 300 டிபிஐ வண்ணத்தில் சுருக்காத டிஃப் கோப்பாக வைத்தால் சுமார் 26 எம்பி. 10,000 பக்கம் என்றால் 260 ஜிபி. அதைக் குறைந்தது மூன்று படி வைக்க வேண்டும், ஒன்றாவது வேறு ஊரில்.

பெரும்பாலோர் கேமராவுக்கு அதிகமும் மனிதர்களுக்குக் குறைவாகவும் போடுகிறார்கள். மாறிப் போடுங்கள். கோப்பின் பெயர், நூல் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பொருள் என்று மெட்டாடேட்டா எழுதுபவர்தான் இந்த வேலையின் முதுகெலும்பு. பழைய தமிழ் எழுத்தும் தமிழ் எண்களும் படிக்கத் தெரிந்தவருக்கு உரிய கூலி கொடுங்கள். ‘தமிழ்த் தொண்டு’ என்று சொல்லி அவர் உழைப்பை இலவசமாக வாங்காதீர்கள். தணிக்கையாளர் கட்டணம், மின்சாரம், பயணம், எலுமிச்சைப்புல் எண்ணெய், அமிலமில்லாத தாள், கட்டும் துணி எல்லாம் வரிசையில் வரட்டும். நிறுவனத்தின் பொதுச் செலவைப் பல நல்கைகள் ஏற்காது.

மூலச்சுவடிகளை வெளிநாட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்களா?

பெரியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான், கேட்பது நியாயமும்கூட. பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின் விதியே மூலம் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்பது. மின்பிரதி உள்ளூர்க் காப்பகத்திலும் இருக்க வேண்டும். இந்தியச் சட்டமும் காவல் நிற்கிறது: 1972 தொல்பொருள் சட்டப்படி 75 ஆண்டுக்கு மேலான மதிப்புமிக்க சுவடி தொல்பொருள், தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. வீட்டுக்காரரிடம் ஏடு வாங்கும்போது எண்ணிக்கையோடு ரசீது கொடுங்கள். முடிந்தால் அவர் வீட்டுத் திண்ணையிலேயே கேமராவை நிறுத்துங்கள்.

காப்புரிமை?

இந்தியாவில் ஆசிரியர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு. 1964இல் மறைந்தவரின் எழுத்து 2025 சனவரி 1 முதல் பொதுச்சொத்து. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களை அதற்குக் காத்திராமல் வெளியிடலாம். காப்புரிமை உள்ள நூலானாலும், லாப நோக்கில்லாத பொது நூலகம் தன்னிடம் உள்ள பிரதியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க 2012 திருத்தம் இடம் தருகிறது. சேமிக்கலாம், அவ்வளவுதான், இணையத்தில் திறந்துவிட வாரிசுகளின் எழுத்து அனுமதி வேண்டும்.

எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிடலாமா?

வேண்டாம். நிலவழக்கு, கடன் பத்திரம், குடும்பத் தகராறு, சாதியை வைத்து ஒருவரை இழிவாகக் குறித்த ஊர்க்கணக்கு போன்றவற்றில் இன்றும் வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. ஸ்கேன் செய்யுங்கள், பட்டியலில் சேருங்கள், பார்வைக்குக் கட்டுப்பாடு வையுங்கள். இப்படிப் பிரித்து வைத்ததை விண்ணப்பத்திலும் சொல்லுங்கள். யாரும் இணையத்தில் பார்க்கத் திறந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையுள்ள நல்கைக்கு எந்தக் கட்டை அனுப்புவது, எதை நிறுத்துவது என்று தொடக்கத்திலேயே முடிவாகிவிடும்.

இலங்கையில் இருக்கிறோம். எங்களுக்கு?

மேலே சொன்ன இரண்டு பன்னாட்டுத் திட்டங்களும் இலங்கைக்கும் திறந்தவை. எஃப்.சி.ஆர்.ஏ உங்களுக்குப் பொருந்தாது. காப்புரிமைக் காலம் 70 ஆண்டு என்பதை நினைவில் வையுங்கள். எண்ணிமப்படுத்தலில் (மின்னுருவாக்கத்தில்) முதலில் பேச வேண்டியது ‘நூலகம்’ வலைத்தளத்தை நடத்தும் நூலக நிறுவனத்தோடு. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய அந்த முயற்சி, பெரிய நல்கை எதற்கும் காத்திராமல் ஊர்மலர், பாடசாலை மலர், நினைவு மலர் என்று யாரும் பொருட்படுத்தாதவற்றையெல்லாம் சேர்த்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் எரிக்கப்பட்டது. ஒரே பிரதி ஒரே கட்டடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஈழத்தமிழருக்கு வேறு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய நல்கையெல்லாம் வேண்டாம், கொஞ்சம் பணம் போதும்.

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் விரைவு நிதி 500 முதல் 5,000 டாலர் வரை தருகிறது. பொதுச்சொத்தான நூல்களை ஸ்கேன் செய்து விக்கிமூலம் என்ற அதன் இணைய நூலகத்தில் ஏற்றும் வேலைக்குப் பொருந்தும். வெளிநாட்டுப் பணம் பற்றிச் சொன்ன விதிகள் இதற்கும் உண்டு. இணைய ஆவணகத்தில் ஏற்றுவதற்குக் கட்டணமே இல்லை. தமிழ் இலக்கியங்களை மின்னுரையாக இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 முதல் தன்னார்வலர்களின் உழைப்பிலேயே நடக்கிறது.

ஒருமுறை விண்ணப்பித்தோம், நிராகரித்துவிட்டார்கள். மறுபடி போடலாமா?

போடுங்கள். கருத்துரை தந்திருந்தால் அதில் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பதில் வரும்படி விண்ணப்பத்தைத் திருத்துங்கள். தரவில்லை என்றால் பணிவாக எழுதிக் கேளுங்கள், சிலர் தருவார்கள். அடுத்த சுற்று வரும்வரை பட்டியலை நீட்டிக்கொண்டே இருங்கள். ஐம்பது வரி முந்நூறு ஆகியிருந்தால், பணம் இல்லாமலே வேலையைத் தொடர்ந்தவர்கள் என்பது அடுத்த விண்ணப்பத்திலேயே தெரியும்.

பணம் வந்துவிட்டது. முதல் மாதம் என்ன செய்வது?

ஸ்கேன் செய்யாதீர்கள். கோப்புக்குப் பெயரிடும் முறையை முடிவு செய்து சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் எண் போடுங்கள். படம்பிடிப்பவருக்கும் பட்டியல் எழுதுபவருக்கும் ஒரே கட்டை இரண்டு முறை கொடுத்து, இரண்டும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். நூறு படம் எடுத்து நல்கையாளருக்கு மாதிரி அனுப்பி, ‘சரி’ என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு அடுத்த கட்டை அவிழுங்கள்.